வலிக்குதா என்று கேட்டால்

போன வருடம் நான் பெயிலானதற்கு டெய்லரக்காவின் வாய்தான் காரணம் என்று பதினோரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்களிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். வகுப்பில் எனக்குப் பட்டாசு என்று பெயர். திரி ரொம்பக் குட்டை என்பார்கள்.

நாங்கள் படிப்பது செயற்கைக் கால், கை, முதுகுப் பட்டை, குழந்தைகளின் வளைந்த பாதத்துக்கான தாங்கி எல்லாம் செய்கிற படிப்பு. நான்கு வருடம். என் மாமா இன்றுவரை அதைப் பொம்மை செய்யும் படிப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். அம்மா சொந்தக்காரர்களிடம், "எலும்பு டாக்டருக்குப் பக்கத்துப் படிப்பு" என்று பட்டும் படாமலும் சொல்லிவைத்திருந்தாள். நான் பெயிலானதும் அதே அம்மா, பரீட்சையைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று ஊருக்கெல்லாம் கதை விட்டாள். ஒரு வருடமாக யாராவது ஒரு பரீட்சையைத் தள்ளிக்கொண்டே போவார்களா? கேட்டவர்களும் பாவம் பார்த்துத் தலையாட்டினார்கள்.

கடைசி வருடச் செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு மாணவருக்கும் கால் இழந்த ஒருவரை ஒதுக்குவார்கள். அவருக்கு நாமே அச்செடுத்து, கால் செய்து, மாட்டி, நடக்கவைத்துக் காட்ட வேண்டும். கால் சரியாக அமைந்துவிட்டால் அதை அவரே வீட்டுக்கு எடுத்துப் போகலாம். வெளிக் கல்லூரியிலிருந்து வரும் தேர்வாளர் நம்மிடம் ஆயிரம் கேள்வி கேட்பார். எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வியை மட்டும் நம்மிடம் கேட்க மாட்டார். நடந்து முடித்தவரைப் பார்த்து, "வலிக்குதா?" என்பார்.

போன வருடம் டெய்லரக்கா, "குத்துது" என்றார்.

அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். இடது கால் முட்டிக்குக் கீழே நாலு விரற்கடை தூரத்தோடு நின்றுவிடும். ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைப்பவர். அவர் சொன்னது முழு உண்மை. சாக்கெட் என்று நாங்கள் சொல்லும் அந்தக் கிண்ணத்தின் உள்பக்கத்தில், நான் சரியாக ராவாமல் விட்ட ஒரு மேடு கணைக்கால் எலும்பில் இடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது உண்மையா வேண்டியிருந்தது? தாழ்வாரத்தில் அவரை மறித்துக்கொண்டு கத்தினேன்.

"ஒரு வார்த்தையில என் ஒரு வருஷத்த முடிச்சிட்டீங்களே! அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கிட்டா உங்களுக்கு என்ன கொறஞ்சு போயிடும்?"

காலை இழந்த ஒருவரிடம் என்ன குறைந்துபோகும் என்று கேட்டேன். சொன்ன வாய்க்கு அப்போது உறைக்கவில்லை. அவர் பையை எடுத்துக்கொண்டு, கிறீச் கிறீச்சென்று சத்தம் போடும் தன் பழைய காலோடு படியிறங்கிப் போனார். நான் கழிப்பறைக்குப் போய் அழுதேன். அழுதது எனக்காக மட்டும்தான்.

எங்கள் கல்லூரியில் இந்தத் தேர்வை இரண்டு தடவைக்கு மேல் எழுத முடியாது. இரண்டாவதிலும் விழுந்தால் நான்கு வருடமும் தண்ணீரில் போட்ட உப்புதான். சான்றிதழ் கிடையாது, வேலை கிடையாது.

இந்த வருடம் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். எனக்கு விழுந்ததும் டெய்லரக்காதான்.

"நீயா? நல்லதாப் போச்சு. உன் கைதான் சில்லுன்னு இருக்காது" என்று சிரித்துக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். போன வருடத்தைப் பற்றி அவரும் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. மன்னிப்புக் கேட்க நாக்கு நுனி வரை வரும். அவர் பாட்டுக்கு எதையாவது பேச ஆரம்பித்துவிடுவார், நானும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று விட்டுவிடுவேன். நனைத்தால் ஊதாச் சாயம் விடும் பென்சிலால் எலும்புகள் இருக்கும் இடமெல்லாம் வட்டம் போட்டேன். பிளாஸ்டர் துணியை நனைத்துச் சுற்றினேன். அது இறுகும்வரை இரண்டு கட்டைவிரலையும் முட்டிச் சிப்பிக்குக் கீழே அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அந்த நாலு நிமிடமும் அவர் பள்ளிச் சீருடையில் பாக்கெட் வைப்பது எவ்வளவு பெரிய தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த அச்சுக்குள் பிளாஸ்டர் கரைத்து ஊற்றினால் அவருடைய கால் வெள்ளைக் கட்டையாகக் கையில் வந்துவிடும். அதை அப்படியே வைத்துச் சாக்கெட் செய்ய முடியாது. பாரம் தாங்கும் சதைப் பகுதியில் அரத்தால் ராவிக் குறைக்க வேண்டும். பாரம் தாங்காத எலும்பின் மேல் பிளாஸ்டரை அப்பி ஏற்ற வேண்டும். கட்டையில் மேடாக இருப்பது சாக்கெட்டுக்குள் பள்ளமாகும். அந்தப் பள்ளத்தில்தான் எலும்பு மூச்சு விடும். முட்டிக்கு வெளிப்பக்கத்தில் சின்னதாக ஒரு எலும்பு முனை உண்டு, அதற்குப் பக்கத்திலேயே நரம்பும் ஓடும். அங்கே ஐந்து மில்லிமீட்டர் அப்பினேன். அளந்து பார்த்துத்தான் அப்பினேன்.

அதற்குப் பிறகு உப்புத்தாளை எடுத்தேன். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

போன வருடம் ஒரு மேடு என்னைக் கவிழ்த்துவிட்டதல்லவா? இந்த வருடம் மேடு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு தேய்த்தேன். தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன், காய்ந்த பிறகு தேய்த்தேன், விரலால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி தேய்த்தேன். தேர்வு வாரத்தில் ஆசிரியர்கள் கட்டையைத் தொடக்கூடாது, ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் கையெழுத்துப் போடுவதோடு சரி. பட்டறை சார் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "முகம் பாத்துப் பொட்டு வெச்சுக்கலாம் போலிருக்கே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் கொஞ்சம் தேய்த்தேன்.

சூடான பிளாஸ்டிக் தகட்டை அதன் மேல் இழுத்து, ஆறியதும் உள்ளே இருந்த கட்டையை உடைத்து எடுத்து, சாக்கெட்டைக் குழாயோடும் பாதத்தோடும் பூட்டினேன். தேர்வுக்கு முதல் நாள் கால் மணி நேரம் மாட்டிப் பார்க்க அனுமதி உண்டு.

"ஜம்முனு இருக்கு. எதுவுமே தெரியல" என்றார் டெய்லரக்கா.

கழற்றியதும் தோலைப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். அழுத்தம் பட்ட இடம் கொஞ்சம் சிவந்துதான் இருக்கும். பத்து நிமிடத்தில் சிவப்பு மறைந்தால் பயமில்லை. மறையாவிட்டால் சாக்கெட் தவறு. அவருக்கு வெளிப்பக்கத்தில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்திருந்தது. பத்து நிமிடம் போயும் அப்படியே இருந்தது.

"அது என் பழைய காலு பண்ற வேலம்மா. ஒரு வாரமாவே அப்படித்தான் இருக்கு. இத மாட்டினதுக்கு அப்புறம்தான் எதமா இருக்கு."

எனக்கு அந்தப் பதில் சர்க்கரையாக இனித்தது. மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. குறிப்பேட்டில் "சிவப்பு: பழைய காலினால்" என்று முத்து முத்தாக எழுதிவைத்தேன்.

தேர்வன்று வந்த வெளித்தேர்வாளர் ஒரு மேடம். கண்ணாடியை மூக்கு நுனியில் தொங்கவிட்டுக்கொண்டு, அதிர்ந்து பேசாதவர். அந்த மாதிரி ஆட்களைக் கண்டால்தான் எனக்குப் பயம். நடைக் கூடத்தில் இரண்டு பக்கக் கம்பிகளுக்கு நடுவே டெய்லரக்கா நான்கு தடவை போய்வந்தார். அழகாக நடந்தார். கை கம்பியைத் தொடவேயில்லை. மேடம் குனிந்து பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார், எதையோ குறித்துக்கொண்டார்.

"நல்லா இருக்கு. அடுத்தது சரிவுப் பாதை. அஞ்சு நிமிஷம் உட்காரட்டும். கால கழட்டி உறைய சரி பண்ணி மாட்டி வை" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த மாணவனின் மேசைக்குப் போனார்.

காலைக் கழற்றினேன். சாக்கெட் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே சிக்கியிருந்த துணியுறையை உருவக் கைவிட்டபோது என் விரல் தானாக வெளிப்பக்கத்துக்குப் போயிற்று. அங்கே பள்ளம் இல்லை. மறுபடி தடவினேன். வழவழவென்று, மேலிருந்து கீழே ஒரே சீராக இருந்தது. ஐந்து மில்லிமீட்டரையும் நானே, என் கையாலேயே, பளபளப்புக்கு ஆசைப்பட்டுத் தேய்த்துத் தீர்த்திருக்கிறேன்.

நிமிர்ந்து டெய்லரக்காவைப் பார்த்தேன். மேல் உதட்டில் வியர்வை கோத்திருந்தது. கூடத்தில் மின்விசிறி நல்ல வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, வலிக்குதுதானே?"

"மெல்லப் பேசு. பேசாம மாட்டி விடு. இன்னும் ஒரு ஏத்தம் ஒரு எறக்கம்தானே, சமாளிச்சுக்குவேன்."

"நேத்தும் வலிச்சுதா?"

"நேத்து என்ன, இன்னைக்கு என்ன. ரெண்டு பிள்ளைய பெத்தவ நான், இது ஒரு வலியா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து இன்னும் குரலைத் தாழ்த்தினார். "போன வருஷம் நீ அழுதது வெளிய வரைக்கும் கேட்டுச்சு. நான் போகலடி, பஸ்ஸுக்கு நேரமிருந்துச்சு, படிக்கட்டுலதான் உக்காந்திருந்தேன். ஒரு பொண்ணோட படிப்பு நம்ம வாயால போச்சேன்னு எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. நீ பாஸாகிடு. இந்தக் கால நான் வீட்ல ஒரு மூலையில நிறுத்தி வெச்சுக்கறேன். எனக்குப் பழசு இருக்கு, போதும்."

நான் வெடித்துச் சிதறி உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று இங்கே எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நடந்தது அது இல்லை. அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. இரண்டு தடவைக்கு மேல் கிடையாது என்ற விதி நினைவுக்கு வந்தது. மேடம் திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. நான் மண்டியிட்டு, புது உறை போட்டு, காலை மறுபடி அவருக்கு மாட்டிவிட்டேன். தெரிந்தே மாட்டிவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

சரிவில் ஏறினார். உச்சியில் நின்று மேடத்தைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் சிரித்தார். இறங்க ஆரம்பித்தார். இறங்கும்போதுதான் உடம்பின் பாரம் முழுக்க அந்த இடத்தில் போய் உட்காரும். முதல் எட்டில் அவருடைய உதடு இரண்டும் உள்ளே மடிந்தது, தைக்கும்போது குண்டூசியைக் கவ்விக்கொண்டிருப்பார்களே, அந்த மாதிரி. இரண்டாவது எட்டில் கண்ணை மூடினார். கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் நான் செய்த காலில் சரிவில் இறங்குகிறார்.

மேடம் பேனாவைத் திறந்தபடி, "வலிக்குதா?" என்றார்.

"இல்லீங்க மேடம்."

"வலிக்குது!" என்று கத்தினேன். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "நிறுத்துங்க அக்கா, எறங்காதீங்க. மேடம், அவங்களுக்கு வலிக்குது. எலும்பு முனைக்கு நான் விட்ட எடத்த நானே உப்புத்தாள் போட்டுத் தேச்சுட்டேன். அஞ்சு நிமிஷம் முன்னாடியே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மாட்டி விட்டேன்."

பட்டறை சார் தலையில் கைவைத்துக்கொண்டார். நான் ஓடிப்போய் டெய்லரக்காவைத் தாங்கி நாற்காலியில் உட்காரவைத்தேன். காலைக் கழற்றினோம். வெள்ளை உறையில் துவரம்பருப்பு அளவுக்கு ரத்தம்.

"ஏண்டி, நான் பல்லக் கடிச்சுக்கிட்டு முக்கால்வாசி வந்துட்டேனே! ரெண்டு எட்டுதானே பாக்கி? போட்டு ஒடச்சிட்டியே!" என்று டெய்லரக்கா என்னைத் திட்டினார். திட்டிக்கொண்டே அழுதார்.

"நீங்க ஏன் வலிக்கலன்னு சொன்னீங்க?" என்று மேடம் அவரைக் கேட்டார்.

"மரத்துப் போயிருந்துச்சு மேடம், எனக்கே தெரியல."

மறுபடியும் எனக்காக ஒரு பொய். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"மேடம், போன வருஷம் அவங்க உண்மையச் சொன்னதுக்கு நான் அவங்களத் தாழ்வாரத்துல நிறுத்திக் கண்டபடி பேசினேன். அதனாலதான் இந்த வருஷம் சொல்லல. தப்பு என்னோடது." டெய்லரக்காவின் பக்கம் திரும்பினேன். "மன்னிச்சிடுங்க அக்கா. அன்னைக்கே கேட்டிருக்கணும்."

அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி விடு, எல்லாரும் பாக்கறாங்க" என்றார்.

மேடம் வெகுநேரம் எழுதினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கோவம் வருதுன்னு நோயாளிய வாய மூட வெச்சா, அப்புறம் நீ யாரக் கேட்டுக் கால் செய்வே? தெரிஞ்சே மாட்டி விட்டதுக்கு உன்ன இப்பவே வெளிய அனுப்பலாம். நீயே நிறுத்தினதால பாதியில நின்னதுன்னு எழுதியிருக்கேன். புண் ஆறினதும் நான் திரும்ப வரேன். பொருத்தத்துக்கு உண்டான மார்க்குல பாதி போச்சு. அன்னைக்கு ரெண்டு திருத்தம் வரைக்கும் அனுமதி. மூணாவது தேவைப்பட்டா பெயில். புரியுதா?"

புண் ஆறப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளும் டெய்லரக்கா எந்தக் காலையும் மாட்டக்கூடாது. ஊன்றுகோலோடு தையல் மெஷினுக்கும் அடுப்படிக்கும் அலைந்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான் அவர் வீட்டுக்குப் போய்ப் புண்ணைப் பார்த்தேன். வந்தது வந்தாச்சு என்று என்னைப் பொத்தான் கட்ட உட்கார வைத்துவிடுவார். முதல் நாள் கட்டியதை முழுக்கப் பிரித்துவிட்டு, "தேய்க்கத்தான் தெரியும்போல" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. வந்தது, ஆனால் விழுங்கிவிட்டேன்.

பதின்மூன்றாம் நாள் மேடம் வந்தார். சாக்கெட்டின் வெளிப்பக்கத்தைச் சூடாக்கித் தள்ளிப் பள்ளம் ஏற்படுத்தி வைத்திருந்தேன். டெய்லரக்கா கம்பிகளுக்கு நடுவே ஒரு தடவை போய்வந்தார்.

"வலிக்குதா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், சொல்லுங்கள் என்று.

"வலிக்குது" என்றார். சொல்லிவிட்டுக் குற்றவாளி மாதிரி நின்றார். "வெளிப்பக்கம் இல்ல. முட்டிக்குப் பின்னாடி விளிம்பு அறுக்குது."

ஒன்று போயிற்று. காலைக் கழற்றி, விளிம்பை ராவி வளைத்துக் கொண்டுவந்தேன். நடந்தார்.

"இப்ப?"

"வெளிப்பக்கம் லேசா. முன்ன மாதிரி இல்ல, ஆனா இருக்கு."

இரண்டும் போயிற்று. சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை நான் எடுத்ததும் பட்டறை சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எவ்வளவு தள்ளினால் சரியாகும் என்று எந்த அளவுகோலும் சொல்லாது. டெய்லரக்காவையே கேட்டேன். இன்னும் மேலேயா, கீழேயா, எவ்வளவு பெரிய இடம், சுட்டுவிரலால் தொட்டுக் காட்டுங்கள் என்றேன். அவர் துணியில் சாக்குக்கட்டியால் கோடு போடுகிறவராயிற்றே, இம்மி பிசகாமல் தொட்டுக் காட்டினார். அங்கே தள்ளினேன்.

மூன்றாவது தடவை மேடம் அவரைக் கம்பிக்குள் விடவில்லை. நேரே சரிவுக்கு அனுப்பினார். ஏறினார். இறங்கினார். திரும்பவும் தானாகவே ஏறி இறங்கினார்.

"வலிக்குதா?"

"அக்கா, எனக்காகப் பாக்காதீங்க" என்றேன்.

"யாருடி உனக்காகப் பாக்கறா? இல்ல மேடம். வலிக்கல."

மேடம் என்னைப் பார்த்து, "தோல காட்டு" என்றார்.

காலைக் கழற்றி உறையை உருவினேன். வெளிப்பக்கத்தில் சிவப்பு இருந்தது. பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மேடம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மூன்று பெண்கள் ஒரு முட்டியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று நிமிடம், நான்கு நிமிடம். அந்தத் தோலில் எனக்குத் தெரியாத மச்சம் இல்லை, தழும்பு இல்லை. ஆறாவது நிமிடம் ஓரத்தில் வெளுக்க ஆரம்பித்தது. எட்டாவது நிமிடம் எங்கே சிவந்திருந்தது என்று தேட வேண்டியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன், வலிக்குதா என்று கேட்டேன், இல்லை என்றார். இன்னும் கொஞ்சம் தள்ளித் தொட்டுக் கேட்டேன்.

நடுவில் எப்போதோ மேடம் எழுந்து கையெழுத்துப் போட்டு, நான் பாஸ் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். என் காதில் விழவில்லை. டெய்லரக்கா தோளைப் பிடித்து உலுக்கிச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.